உள்ளே மறையும் கட்டர் பிராக்கெட்: ஸ்க்ரூ எந்த உயரத்தில் இருக்க வேண்டும்?

மாடிஷெட்40 · 6 ஆகஸ்ட் 2023

மொட்டை மாடி ஷெட்டுக்கு மழைநீர்க் கட்டர் (கூரை ஓரத்துத் தகர வாய்க்கால்) போட வேண்டும். கூரை 40 அடி நீளம், 25 அடி அகலம், ஒரே பக்க வாட்டம். தண்ணீர் முழுதும் தெருப்பக்கம் இறங்குகிறது. முனையில் 50×50 மி.மீ. இரும்பு ட்யூப், கனம் 2 மி.மீ. கீழே நின்று பார்த்தால் ஒரு பிராக்கெட்கூடக் கண்ணில் படக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர். வெல்டர் சொல்வது: "பின்சுவரை நேரா ட்யூப்ல ஸ்க்ரூ அடிச்சு மேல சிலிக்கான் வச்சுட்டா போதும், பிராக்கெட்டே வேணாம்." ஆன்லைனில் 5 இன்ச் அலுமினிய மறைவு கிளிப் கிடைக்கிறது. 0.5 மி.மீ. கலர் ஷீட்டில் மடித்த கட்டருக்குள் அதை மாட்டலாமா? எத்தனை அடிக்கு ஒன்று?

பெண்டிங்பட்டறை · 6 ஆகஸ்ட்

வெல்டர் சொல்கிறபடி வேண்டாம். பின்சுவரை மட்டும் பிடித்த கட்டர் காய்ந்திருக்கும்வரை நேராக நிற்கும். நிறைந்து ஓடும்போது முன்சுவர் வெளியே விரியும், அதன் மேல்விளிம்பான உதடு தொங்கும், நடுவில் தண்ணீர் வழியும். முன் உதட்டைப் பின்பக்கத்தோடு கட்டிப் பிடிக்க ஒரு பட்டை வேண்டும். அதைக் கட்டருக்கு உள்ளே, வாய்க்குக் குறுக்கே வைப்பதுதான் மறைவு பிராக்கெட்.

ஆன்லைன் கிளிப் அமெரிக்க மாதிரி கட்டருக்கானது. மேல்வாய் 5 இன்ச், அதாவது 127 மி.மீ. அந்தக் கட்டரின் முன் உதடு உள்ளே சுருண்டிருக்கும், கிளிப்பின் மூக்கு அந்தச் சுருளில் போய் உட்காரும். நம் ஊர் பெண்டிங் கடையில் மடிக்கும் பெட்டி வடிவத்தில் அந்தச் சுருள் கிடையாது. கிளிப்புக்கு ஏற்ப உதட்டை மடிக்கச் சொல்வதைவிட, உதட்டுக்கு ஏற்ப கிளிப்பை நாமே மடிப்பது எளிது, விலையும் குறைவு.

பெண்டிங்பட்டறை · 6 ஆகஸ்ட், இரவு

முதலில் தண்ணீர்க் கணக்கு. 40×25 அடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. மழையில் நொடிக்கு 2.6 லிட்டர், 150 மி.மீ. வேகத்தில் 3.9 லிட்டர். ஐப்பசி மழையில் சில நிமிடங்களுக்கு 150 வேகம் அடிப்பது சகஜம், அதற்கே போடுங்கள். 100 மி.மீ. இறங்கு குழாய் ஒன்றுக்குச் சுமார் 40 சதுர மீட்டர் என்று வைத்தால், மூன்று குழாய். இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று.

அடுத்தது ஷீட் அளவு. ஷீட் சுருளின் அகலம் 1220 மி.மீ. மூன்றாக வெட்டினால் 406, வீண் இல்லை. அந்த 406-க்குள் கட்டரை அடக்கலாம் (எல்லாம் மி.மீ.): பின்சுவர் மேல்மடிப்பு 10, பின்சுவர் 120, அடி 140, முன்சுவர் 90, உள்நோக்கிய உதடு 20, உதட்டிலிருந்து கீழே இறங்கும் கொக்கி 14, அதன் முனை மடிப்பு 10. கூட்டினால் 404.

பின்சுவர் 120, முன்சுவர் 90 என்ற இந்த 30 மி.மீ. வித்தியாசத்தை எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். குழாய் அடைத்தால் தண்ணீர் முன்பக்கம், தெருவில் கொட்ட வேண்டும். இரண்டு சுவரும் ஒரே உயரமாக இருந்தால் பின்பக்கம் ட்யூப் வழியாக இறங்கி, உள்கூரைக்கும் சுவருக்கும் போகும். மறைவு பிராக்கெட்டின் ஸ்க்ரூவும் இந்த 30-க்குள்தான் வர வேண்டும். முன் உதடு 90 என்றால் ஸ்க்ரூ ஓட்டை அடியிலிருந்து 108 உயரத்தில். அங்கே தண்ணீர் தேங்கவே முடியாது. வெல்டர் சொன்னபடி சுவரில் எங்காவது, உதட்டு மட்டத்துக்குக் கீழே ஓட்டை போட்டால், கட்டர் நிறையும்போதெல்லாம் அந்த ஓட்டை தண்ணீருக்குள் மூழ்கி நிற்கும். அதைக் காப்பது சிலிக்கான் மட்டும். வெயிலில் ஷீட் நீண்டு சுருங்கச் சுருங்க அது விட்டுவிடும்.

மாடிஷெட்40 · 7 ஆகஸ்ட்

சரி சார். பட்டை எவ்வளவு கனம்? கடையில் 25×2 இருக்கிறது, 25×3 சொல்லி வைக்க வேண்டும் என்கிறார்கள்.

பெண்டிங்பட்டறை · 7 ஆகஸ்ட்

25×3 சொல்லி வையுங்கள். கணக்கு இதோ.

கட்டர் உதடு வரை நிறைந்தால் மீட்டருக்கு 140×90, அதாவது 12.6 லிட்டர். ஷீட் எடை 1.6 கிலோ. சேறும் ஈர இலையும் 3 கிலோ என்று வைத்தால் மொத்தம் சுமார் 17 கிலோ. 55 செ.மீ.க்கு ஒரு பட்டை என்றால் ஒன்றின் தலையில் ஏறக்குறைய 10 கிலோ. அதில் பாதி முன் உதட்டில் தொங்குகிறது. பட்டையின் பின்முனை வளைவில் இதனால் வரும் இழுவிசை 25×3-ல் சதுர மி.மீ.க்கு 190 நியூட்டன் அளவு. மென் எஃகு 250 வரை தாங்கும். அதே சுமையில் 25×2 என்றால் 420. அந்த வளைவு திறந்துகொள்ளும், கட்டர் முன்னால் சாயும். 1 மி.மீ.தானே என்று விட முடியாது.

ஒரு பட்டையின் அளவு: மேல்நோக்கிய பின்கால் 30, குறுக்கே 138, முன்னால் 15. அந்த 15, கட்டர் உதட்டின் 14 மி.மீ. கொக்கிக்குள் கீழிருந்து மேலாக ஏறிப் பிடிக்கும். பின்காலில், வளைவிலிருந்து 20 மேலே, 7 மி.மீ. ஓட்டை. வெட்டு நீளம் சுமார் 185. உங்களுக்கு 24 பட்டை வேண்டும், 6 மீட்டர் பட்டை ஒன்றிலேயே வந்துவிடும். வெட்டி, ஓட்டை போட்டு, வளைத்த பிறகு ஹாட் டிப் கால்வனைசிங்குக்கு (உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூசுவது) அனுப்புங்கள். பூசிய பட்டையை வாங்கி வளைத்தால் வளைவில் பூச்சு விரிசல் விடும், வெட்டுமுனை வெறும் இரும்பாக இருக்கும். துரு முதலில் அங்கேதான் பிடிக்கும்.

சைட்சூப்பர்வைசர் · 9 ஆகஸ்ட்

பட்டையும் ஸ்க்ரூவும் சரி. ஆனால் 50×50 ட்யூப் போதாது. பின்சுவர் 120 உயரம், அதில் மேல் 50-க்குத்தான் முட்டு இருக்கிறது, கீழ் 70 அந்தரத்தில். கட்டர் நிறைந்ததும் பின்சுவரின் அடிப்பகுதி உள்ளே தள்ளும், ட்யூபின் கீழ்விளிம்பு பதிந்த இடத்தில் 0.5 ஷீட் மடங்கும். மடங்கியதும் முன் உதடு 5, 6 மி.மீ. இறங்கும். பட்டை உடையாது, ஸ்க்ரூ கழராது, ஆனாலும் கட்டர் சாய்ந்திருக்கும்.

பெண்டிங்பட்டறை · 9 ஆகஸ்ட்

முழுக்கச் சரி. ஸ்க்ரூவில் வரும் இழுப்பையும் பாருங்கள். பின்சுவர் அடிவரை முட்டு இருந்தால் நெம்புதூரம் 100 மி.மீ.க்கு மேல், இழுப்பு 7 கிலோதான். 50 ட்யூப் மட்டும் என்றால் தூரம் 38 ஆகச் சுருங்கி, இழுப்பு 18, 19 கிலோவுக்கு ஏறும். 2 மி.மீ. இரும்பில் இறங்கிய 12ஆம் நம்பர் ஸ்க்ரூவுக்கு அது பொருட்டே இல்லை. அடி வாங்குவது ஷீட்தான்.

வழி: 50×50-க்கு நேர்கீழே இன்னொரு 50×50-ஐ 20 மி.மீ. இடைவெளி விட்டு, அல்லது 75×25-ஐ ஒட்டி வெல்டு பண்ணுங்கள். ஷெட் முடிந்துவிட்டது, இனி நீள வெல்டிங் முடியாது என்றால், பட்டை வரும் இடங்களில் மட்டும் 40×5 துண்டு 120 நீளத்துக்கு ட்யூபின் முகத்தில் நிறுத்தி வெல்டு வையுங்கள். எல்லாத் துண்டும் ஒரே நூலில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டர் அலை அலையாகத் தெரியும். வெல்டு செய்த இடத்தில் ரெட் ஆக்சைடு போதாது, சிங்க் பிரைமர் அடியுங்கள். கட்டர் ஏறிய பிறகு அந்த இடத்துக்கு பிரஷ் போகாது.

மாடிஷெட்40 · 10 ஆகஸ்ட்

வாட்டம் கொடுத்தால் முன்பக்கம் கோணலாகத் தெரியாதா? வீட்டுக்காரர் அதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டார். மட்டமாகவே வைத்துவிடலாமா?

பெண்டிங்பட்டறை · 10 ஆகஸ்ட்

மட்டமாக வைத்தாலும் தண்ணீர் ஓடிவிடும், ஆனால் முழுதும் வடியாது. 0.5 ஷீட்டின் அடி ஒருபோதும் கண்ணாடி மாதிரி இருக்காது, பள்ளங்களில் விரல் கனத்துக்குத் தண்ணீர் நிற்கும். டெங்கு கொசு முட்டையிட அது போதும். வண்டல் படிவதும் அங்கேதான்.

இறவாரக் கட்டருக்கு 500-க்கு 1-க்குக் குறையாத வாட்டம் வேண்டும் என்கிறது ஆஸ்திரேலிய-நியூசிலாந்து தரநிலை 3500. ஷீட் மடிப்பின் பிசகையும் சேர்த்து நான் 300-க்கு 1 வைக்கச் சொல்வேன்.

உங்கள் 40 அடியை 10 அடித் துண்டுகள் நான்காகப் பிரியுங்கள். குழாய்கள் 0, 20, 40 அடியில். மேடு 10 அடியிலும் 30 அடியிலும். ஒவ்வொரு துண்டுக்கும் 3 மீட்டரில் 10 மி.மீ. இறக்கம். மாடி உயரத்தில் இருக்கும் கட்டரில் 10 மி.மீ. தெருவில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. இந்தப் பிரிப்பில் இன்னொரு பெரிய லாபம்: 10, 30 அடி இணைப்பு இரண்டும் மேட்டில் விழுகின்றன. அங்கே ஒட்டவே வேண்டாம். இரண்டு துண்டுக்கும் தனித்தனி எண்ட் கேப் (முனையை அடைக்கும் தகடு), நடுவே 10 மி.மீ. இடைவெளி, மேலேயும் முன்முகத்திலும் போர்த்தியபடி 60 மி.மீ. அகல மூடி. மூடியை ஒரு பக்கம் மட்டும் ரிவிட் அடியுங்கள், மறுபக்கம் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். கேப்பின் உயரம் பின்சுவர் அளவு 120 இருக்கட்டும். 90 வைத்தால் நிறையும்போது அந்த இடைவெளி வழியாக ஒழுகும்.

10 அடி மெஷின் இருக்கும் பெண்டிங் கடையாகத் தேடுங்கள். 8 அடி மெஷின் என்றால் ஐந்து துண்டாகும், இணைப்புகள் ஓடும் தண்ணீருக்கு நடுவில் போய் விழும்.

சைட்சூப்பர்வைசர் · 11 ஆகஸ்ட்

இந்தப் பிரிப்பில் நடுக்குழாய்க்கு மட்டும் பாதிக் கூரை வந்து சேர்கிறது, 46 சதுர மீட்டர். முனைக் குழாய்களுக்குத் தலா 23. மூன்று குழாய் என்று சராசரி பார்த்தால் நடுவில் மாட்டிக்கொள்வார்கள்.

பெண்டிங்பட்டறை · 11 ஆகஸ்ட்

அதனால் நடுவில் வெறும் ஓட்டை வைக்கக் கூடாது, பெட்டி வைக்க வேண்டும். 300 நீளம், 140 அகலம், கட்டர் அடிக்குக் கீழே 200 ஆழம். இரண்டு பக்கத் துண்டும் பெட்டிக்குள் 20 மி.மீ. நீட்டித் திறந்தபடி கொட்டும். பெட்டியில் தண்ணீர் ஏறி நின்று அழுத்தம் கொடுப்பதால் அதே 100 மி.மீ. குழாய் மிக அதிகமாக இழுக்கும். நடுவில் 150 வேக மழைக்கே நொடிக்கு 2 லிட்டருக்குக் குறைவுதான் வருகிறது. 100 மி.மீ. தண்ணீர் நின்றாலே அந்த வாய் 6 லிட்டர் விடும். கூடவே, நடு இணைப்பும் ஒட்டு இல்லாத இணைப்பாகிவிடுகிறது. ஆக 40 அடியில் தண்ணீருக்குள் மூழ்கும் ஒட்டு ஒன்றுகூட இல்லை, எண்ட் கேப் ஒட்டு தவிர. பெட்டிக்குத் தனியாக இரண்டு பிடிப்பு கொடுங்கள். கட்டரில் தொங்கவிட வேண்டாம். பெட்டியின் முன்தகடு கட்டர் முகத்தோடு ஒரே மட்டத்தில் வந்து, பக்கத்தில் தூண் இருந்தால், அது தனியாகத் துருத்தித் தெரியாது.

பெண்டிங்பட்டறை · 14 ஆகஸ்ட்

ஸ்க்ரூ ஓட்டையைப் பற்றி இன்னும் ஒன்று சேர்க்க வேண்டும். ஷீட்டில் வட்ட ஓட்டை வேண்டாம். 7×15 அளவில் நீளவாக்கில் ஸ்லாட் வெட்டுங்கள். இரும்பு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.012 மி.மீ. நீளும். 40 டிகிரி ஏற்ற இறக்கத்தில் 3 மீட்டர் துண்டு ஒன்றரை மி.மீ. நகரும். அலுமினியம் என்றால் இரண்டு மடங்கு. பிவிசி என்றால் ஐந்தாறு மடங்கு: 12 மீட்டர் பிவிசி கட்டர் 34 மி.மீ. வரை நீள முயலும், அதனால்தான் அது கிளிப்பைத் தெறிக்க விடுகிறது அல்லது முட்டிக்கொண்டு வளைகிறது.

எல்லா இடத்திலும் ஸ்லாட் வைத்தால் துண்டு முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் ஊர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு துண்டிலும் குழாய்ப்பக்கத்துக் கடைசிப் பட்டைக்கு மட்டும் வட்ட ஓட்டை. அது நிலையாக நிற்கும், நீட்சி முழுதும் மேட்டு இடைவெளிக்குப் போகும். குழாய் இணைப்பில் இழுப்பு வராது.

ஸ்க்ரூ: 12ஆம் நம்பர், 25 நீளம், தானே துளையிடும் அறுகோணத் தலை, ஈபிடிஎம் (வெயில் தாங்கும் ரப்பர்) வாஷருடன். பட்டைக்கும் ஷீட்டுக்கும் நடுவே 2 மி.மீ. ஈபிடிஎம் துண்டு, ஷீட்டுக்கும் ட்யூபுக்கும் நடுவே அதே டேப். டிரில்லை வேகம் குறைத்து, பட்டை ஆடாமல் நின்றவுடன் நிறுத்துங்கள். இறுக்கிப் பிழிந்தால் ஸ்லாட் வெட்டியதே வீண். துளையிட்டு விழும் இரும்புப் பிசிறைக் கட்டருக்குள் விடாதீர்கள். ஒரே ராத்திரி ஈரத்தில் துரு பிடித்து, கலர் பூச்சில் பொட்டுப் பொட்டாகக் கறை விடும். அன்றன்றைக்கே துடைத்து எடுங்கள்.

ஓட்டுக்கூரை · 20 ஆகஸ்ட்

அண்ணே, மங்களூர் ஓடு போட்ட வீட்டுக்கு இது பொருந்துமா? இங்கே நாகர்கோவில் பக்கம் கைமரத்தின் முனை அப்படியே வெளியே நிற்கிறது, ட்யூபும் இல்லை, முன்பலகையும் இல்லை.

பெண்டிங்பட்டறை · 20 ஆகஸ்ட்

பொருந்தும் தம்பி. முதலில் கைமர முனைகளை ஒரே நூலில் அறுத்து, 25 மி.மீ. கனம் 150 அகலத்தில் பலகை அடிக்க வேண்டும். மூன்று விஷயம் கவனியுங்கள்.

கைமரத்தின் வெட்டுமுகத்தில் நேராக ஸ்க்ரூ இறக்கினால் பிடிப்பு மிகக் குறைவு, நார் ஓடும் திசையிலேயே ஸ்க்ரூ போகிறது, உருவிக்கொண்டு வந்துவிடும். கைமரத்தின் பக்கவாட்டில் 50×50 கட்டை ஒன்றை போல்ட் போட்டு, பலகையை அந்தக் கட்டைக்குக் குறுக்கு நாரில் பிடியுங்கள். கட்டர் பட்டைக்கு 50 நீள மர ஸ்க்ரூ, 4 மி.மீ. முன்துளை.

பலகையின் மேல்விளிம்பு ரீப்பரைவிட ஓட்டின் கனம் அளவுக்குத் தூக்கலாக நிற்க வேண்டும். கடைசி வரிசை ஓட்டுக்குக் கீழே அடுத்த ஓடு இல்லாததால், தூக்கல் இல்லையென்றால் அது மூக்குக் குத்திச் சாயும், மேல்வரிசையோடு சேரும் இடத்தில் வாய் திறக்கும்.

ஓடு கட்டருக்குள் 50 மி.மீ. நீண்டால் போதும். பாதி வாயை மூடும்படி நீட்டினால் கை நுழையாது, சுத்தம் செய்ய ஓட்டைக் கழற்ற வேண்டி வரும். ஷீட் கூரைக்கும் இதே அளவுதான்.

ஓட்டுக்கூரை · 21 ஆகஸ்ட்

பக்கத்திலேயே தென்னை இருக்கிறது. மட்டை விழும்.

பெண்டிங்பட்டறை · 21 ஆகஸ்ட்

மரத்தின் கீழ் வரும் 3 மீட்டருக்கு மட்டும் பட்டையை 25×5 ஆக்கி, 40 செ.மீ.க்கு ஒன்று வையுங்கள். உள்பட்டை முன் உதட்டை அடியிலிருந்து தாங்குவதால், மட்டை விழுந்தாலும் உதடு மடங்குவது குறையும்.

சைட்சூப்பர்வைசர் · 27 ஆகஸ்ட்

கடற்கரை ஊர்களில் பட்டையை எஸ்எஸ் 304-ல் (துருப்பிடிக்காத எஃகு) போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. துத்தநாக-அலுமினியப் பூச்சு ஷீட்டில் நேரடியாக எஸ்எஸ் உட்கார்ந்தால், உப்பு ஈரத்தில் எஸ்எஸ் நன்றாக இருக்கும், அதைச் சுற்றியுள்ள ஷீட் அரிக்கும். ஹாட் டிப் பட்டையே அங்கும் நல்லது. எஸ்எஸ்தான் வேண்டும் என்றால் கட்டரையும் எஸ்எஸ் ஆக்குங்கள்.

ஏசி வடிகுழாயைக் கட்டருக்குள் விடுவதும் இதே வகை. செப்புச் சுருளில் பட்டு வரும் தண்ணீர் பூச்சை நாளெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தின்னும். சிலிக்கானில் வினிகர் வாடை வந்தால் அதுவும் வேண்டாம், நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள். சிமெண்ட் பூச்சு வேலை பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள்: ஈரச் சிமெண்ட் பட்ட இடத்தில் பூச்சு வெளுத்துவிடும்.

மாடிஷெட்40 · 2 செப்டம்பர்

பட்டை 24, கட்டர் நான்கு துண்டு, பெட்டி எல்லாம் வந்துவிட்டது. கூரை ஷீட்டுக்கும் பின்சுவருக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி தெரிகிறது. காற்றடித்தால் தண்ணீர் பின்னால் போகாதா?

பெண்டிங்பட்டறை · 2 செப்டம்பர்

போகும். வாட்டம் குறைந்த கூரையில் காற்றில்லாமலே ஷீட்டின் அடிவிளிம்பைப் பற்றிக்கொண்டு தண்ணீர் பின்னோக்கி ஊரும். அதற்கு எல் வடிவ மூடுபட்டி வேண்டும்: 60 மி.மீ. ட்யூபின் மேல், கூரை ஷீட்டுக்கு அடியில், 40 மி.மீ. கீழ்நோக்கி, பின்சுவருக்கு முன்பக்கமாக, கட்டருக்குள். கீழ்விளிம்பை 10 மி.மீ. வெளியே தள்ளி மடித்தால் தண்ணீர் அங்கே சொட்டும். ட்யூப் 50 அகலம்தான் என்பதால் பின்னால் 10 நீட்டி நிற்கும், பாதகமில்லை. பட்டை வரும் இடங்களில் 30 அகலத்துக்கு வெட்டிவிடுங்கள். முன்னால் இருந்து பார்த்தால் ஸ்க்ரூ வரிசையும் இதற்குள் மறைந்துவிடும்.

ஆனால் மூடுபட்டியை மாட்டும் முன் தண்ணீர்ச் சோதனை. குழாய் வாய்களைத் துணியும் பந்தும் வைத்து அடைத்து, உதடு வரை நிரப்பி, ஒரு மணி நேரம் விடுங்கள். காலியாக இருக்கும்போதே முன் உதட்டுக்கு நூல் பிடித்து வைத்திருந்தால், நிறைந்தபின் எவ்வளவு இறங்கியது என்று தெரியும். 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் அதிகம் இறங்கினால் அங்கே பட்டை கொக்கிக்குள் ஏறவில்லை அல்லது முட்டு இல்லை. அப்படியே மேலும் ஊற்றிப் பாருங்கள்: வழிவது முன்பக்கம்தானா? கட்டரின் இரண்டு கடைசி எண்ட் கேப்பிலும் 100 அகலத்துக்கு, உதட்டு மட்டத்துக்கு 15 கீழே வரை வெட்டு கொடுத்தால் முதல் வழிதல் பக்கவாட்டில் போகும், வாசலில் நிற்பவர் தலையில் கொட்டாது. அடைப்பைத் திறந்ததும் எங்கே தண்ணீர் தங்குகிறது என்று சாக்பீஸால் குறியுங்கள். ஸ்லாட்டில் மேலும் கீழும் ஒன்றரை மி.மீ.தான் விளையாட்டு உண்டு. அதற்கு மேல் திருத்த வேண்டுமானால் ஸ்க்ரூவைப் பிடுங்கி, பழைய துளையிலிருந்து 20 மி.மீ. தள்ளிப் புதுத் துளை போடுங்கள்.

மாடிஷெட்40 · 9 செப்டம்பர்

உதடு 2 மி.மீ. இறங்கியது, நிற்கும் தண்ணீர் இல்லை. நடுப்பெட்டி ஓரத்தில் ஒரு கசிவு, நியூட்ரல் சிலிக்கானைத் தகடுகளுக்கு நடுவில் வைத்து மறுபடி ரிவிட் அடித்தாயிற்று. வீட்டு முன்னால் இரண்டு வேப்ப மரம். பட்டையில் இலை சிக்குமா?

பெண்டிங்பட்டறை · 9 செப்டம்பர்

வேப்பிலை சிறிது, பட்டைக்கு அடியில் ஓடிவிடும். காம்போடு விழுவதுதான் சிக்கும். தொல்லை பெட்டிக்குள் வரும்: இலை மெத்தையாகப் படிந்து குழாய் வாயை மூடும். வாய்மேல் தட்டையான வலை வைக்காதீர்கள், அது இன்னும் சீக்கிரம் அடைக்கும். கம்பிக்கூண்டு, 150 உயரத்தில் கூம்பாக. சுற்றிலும் இலை படிந்தாலும் மேல்பாதி திறந்திருக்கும்.

ஆடி ஆவணிக் காற்றில் விழுந்தது எல்லாம் இப்போது கட்டரில் இருக்கும். புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறை அள்ளிவிடுங்கள். அள்ள ஏறும்போது ஏணியை முன் உதட்டில் சாய்க்கக் கூடாது. ஆள் எடையில் 25×3 பட்டை வளைந்தே தீரும். ஏணியை நடுப்பெட்டிப் பக்கத்துத் தூணில் சாய்க்கலாம், அல்லது மொட்டை மாடியிலிருந்தே ஸ்டூல் போட்டு, கூரைக்கு அடிப்பக்கமாகக் கை நீட்டாமல், கோடி எண்ட் கேப்பிலிருந்து தொடங்கி நீளப்பிடித் துடுப்பால் பெட்டியை நோக்கி இழுங்கள். துடுப்பு 70 உயரத்துக்குள் இருந்தால் பட்டைகளுக்கு அடியில் தடையில்லாமல் போகும். தகரத் துடுப்பு பூச்சைக் கீறும், பழைய பிவிசி பலகைத் துண்டில் செய்துகொள்ளுங்கள்.